பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? லெஃபெவ்ர் பெயரை வைத்து ஒரு வழிகாட்டி

பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றைப் பற்றித் தேட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான். அர்த்தம் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த எழுத்துக்கூட்டு, இந்த மூன்றும்தான் உங்களைப் பின்னால் கூட்டிக்கொண்டு போகும். பிரெஞ்சுக் குடும்பத்தில் மணம் முடித்தவர்கள், பிரான்சில் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள், பழைய புதுச்சேரிக் காகிதங்களை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்கள் எனப் பலரும் இதே இடத்தில்தான் சிக்குகிறார்கள். அதனால் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து போவோம்.

நான் எடுத்துக்கொள்ளும் பெயர் லெஃபெவ்ர். பிரான்சின் வடக்கே நோர், பா-து-கலே, பிக்கார்டி, நார்மண்டி பக்கம் எங்கே திரும்பினாலும் இந்தப் பெயர் கண்ணில் படும். எழுதும்போது எல், இ, எஃப், இ, பி, வி, ஆர், இ என்று வரும், ஆனால் நடுவில் இருக்கும் 'பி'யை யாரும் உச்சரிப்பதில்லை. ஒரு பிரெஞ்சுப் பெயரில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் இந்த ஒன்றிலேயே இருக்கிறது, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

அர்த்தத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதை ஏன் நம்பிப் போகக்கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும். லத்தீனில் ஃபாபர் என்றால் கைவினைஞன், குறிப்பாகக் கொல்லன். அது பழைய பிரெஞ்சில் ஃபெவ்ர் ஆனது. முன்னால் 'லெ' சேர்த்தால் 'அந்தக் கொல்லன்'. 1268 வாக்கில் எத்தியென் புவாலோ என்ற அதிகாரி பாரிஸ் நகரத்துத் தொழில்களின் விதிகளை எழுதிச் சேர்த்தபோது ஃபெவ்ர் என்பது பட்டறைகளில் புழங்கிய அன்றாடச் சொல். பிற்பாடு ஃபோர்ஜெரோன் என்ற சொல் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. இன்றைய பிரெஞ்சில் ஃபெவ்ர் தனியாக வாழவில்லை, ஓர்ஃபெவ்ர் என்ற சொல்லுக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஓர்' என்றால் பொன். பொன்னும் கொல்லனும் சேர்ந்த நம் பொற்கொல்லன் அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

சரி, கொல்லன் இல்லாத ஊர் உண்டா? ஏர், கதவுக் கீல், குதிரை லாடம் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மக்கள்தொகை பெருகி, ஊருக்குப் பத்து ழான், பத்து பியேர் என்று ஞானஸ்நானப் பெயர்கள் மோதிக்கொண்ட 12, 13ஆம் நூற்றாண்டுகளில், ஆளை அடையாளம் சொல்ல ஒட்டிய பட்டப்பெயர்தான் மெல்ல மகனுக்கும் பேரனுக்கும் இறங்கிக் குடும்பப் பெயர் ஆனது. அதுவும் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக நடந்தது. ஆகவே இரண்டு லெஃபெவ்ர் குடும்பங்கள் உறவாக இருக்க எந்தக் கட்டாயமும் இல்லை. "லெஃபெவ்ர் வம்சத்தின் வரலாறு" என்று யாராவது ஒரே கதையாகச் சொன்னால் அதை நம்பாதீர்கள்.

வம்சச் சின்னம் விற்கிற கடைகளும் அப்படித்தான். பெயருக்கென்று சின்னம் கிடையாது, குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்குத்தான் உண்டு. போதாததற்கு, 1696இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்குப் பணம் திரட்ட, நாடு முழுவதும் சின்னங்களைக் கட்டணம் கட்டிப் பதியச் சொல்லி ஆணையிட்டார். வியாபாரிகள், கைவினைஞர்கள்கூட அதில் பதிந்தார்கள். அந்த ஏட்டில் ஒரு லெஃபெவ்ரின் சின்னம் இருக்கிறது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வீட்டில் இருக்கும் காகிதங்களைத் தேடி எடுங்கள். லிவ்ரே து ஃபமீய் என்ற குடும்பப் புத்தகம், பழைய கடிதம், ராணுவச் சீட்டு, பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் செருகிய இறப்பு அட்டை, எதுவானாலும் சரி. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆளின் முழுப்பெயர், நாள், ஊர். இதில் ஊர்தான் உயிர். பிரான்சில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் கொம்யூன் என்ற ஊராட்சியில்தான் பதியப்படுகிறது, ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. "நார்மண்டியிலிருந்து வந்தவர்கள்" என்பது மட்டும் போதாது.

ஊர் தெரிந்ததும் அந்த ஊர் மேரிக்கு, அதாவது ஊராட்சி அலுவலகத்துக்கு, எழுதுங்கள். (புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் மேரி கட்டடம் தெரியுமல்லவா, அதே சொல்தான்.) கேட்க வேண்டியது 'கோப்பி ஆந்தெக்ரால்', அதாவது முழுப் படி. சுருக்கப் படி வாங்காதீர்கள், அதில் பாதி விஷயம் இருக்காது. இதற்குக் கட்டணம் கிடையாது. பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டு கடந்தால் யாரும் பார்க்கலாம், இறப்புப் பதிவுக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது. 75 ஆண்டுக்கு உட்பட்ட பிறப்பு, திருமணப் பதிவு என்றால் நேர்வழி உறவு என்று காட்ட வேண்டும். படி கையில் வந்ததும் ஓரக் குறிப்பைப் பாருங்கள். 1897 முதல் பிறப்புப் பதிவின் ஓரத்தில் திருமணத்தைக் குறிக்கிறார்கள், 1945 முதல் இறப்பையும். ஒரே காகிதத்தில் மூன்று துப்பு கிடைக்கும்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பாட்டியைக் கணவர் பெயரில் தேடித் தேடிச் சலித்துப்போகிறார்கள். பிரெஞ்சுப் பதிவுகளில் பெண் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருப்பாள். பிரெஞ்சுப் புரட்சி நாள்களில், புரட்சி நாள்காட்டியின் இரண்டாம் ஆண்டு ஃப்ருக்திதோர் மாதம் 6 அன்று, நம் கணக்கில் 1794 ஆகஸ்ட் 23, பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் தாங்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள், அது இன்றும் செல்லும். திருமணத்தால் வருவது அன்றாடம் புழங்கும் பெயர் மட்டுமே. தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் தாய்வழி ஒருபோதும் காணாமல் போவதில்லை.

அடுத்து, பெயரின் வரைபடம். ஜியோபாத்ரோனிம் என்ற இணையதளத்தில் ஒரு பெயரைப் போட்டால் 1891 முதல் 1990 வரை எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பெயரோடு பிறந்தார்கள் என்று இருபத்தைந்து ஆண்டுத் துண்டுகளாகக் காட்டும். எப்போதும் முதல் துண்டை, அதாவது 1891–1915ஐப் பாருங்கள். அதற்குப் பிறகு எல்லோரும் வேலை தேடிப் பாரிஸ் பக்கம் போய்விட்டதால் படம் கலங்கிவிடும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஒரே கொல்லன், ஊருக்கு ஊர் வேறு குரலில் பேசுகிறான். வடக்கில் லெஃபெவ்ர். மேற்கே கிழக்குப் பிரிட்டானிப் பக்கம் உயிரெழுத்து சற்றே வளைந்து லெஃபவ்ர். கிழக்கே ஃப்ரான்ஷ்-கொந்தேயில் 'லெ' இல்லாமல் ஃபெவ்ர். சவோய் மலைகளிலும் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதியிலும் ஃபாவ்ர். தெற்கே லாங்தோக்கில் ஃபாப்ர், பூச்சிகளின் வாழ்க்கையை எழுதிய ழான்-ஆன்றி ஃபாப்ர் 1823இல் பிறந்த அவெய்ரோன் அந்தப் பக்கம்தான். த்ரோம், ஆர்தேஷ், லிமூசேன் வட்டாரத்தில் ஃபோர். தென்மேற்கே கஸ்கோனிக்குப் போனால் சொல்லின் முதலில் வரும் 'ஃப' ஒலி 'ஹ' ஆகிவிடும், அதனால் அங்கே ஹவ்ர். நமக்கு இது புதிதில்லை, நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆகிறதே, பல் ஹல்லு ஆகிறதே, அதே மாதிரிதான். மேற்குப் பிரிட்டானியில் மொழியே வேறு, பிரெத்தோன் மொழியில் கொல்லன் கோஃப், எனவே அங்கே பெயர் லெ கோஃப். அல்சாசில் ஜெர்மானியப் பேச்சு, எனவே ஷ்மித். முன்னால் 'லெ' இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு துப்பு, வடக்கிலும் மேற்கிலும் 'லெ' ஒட்டும், தெற்கில் பெரும்பாலும் ஒட்டாது.

ஆனால் வரைபடம் கூட்டத்தைத்தான் காட்டும், உங்கள் குடும்பத்தைக் காட்டாது. நெப்போலியனின் தளபதி ஃப்ரான்சுவா ழோசெஃப் லெஃபெவ்ர் 1755இல் பிறந்தது கிழக்குக் கோடியில், அல்சாசின் ரூஃபாக்கில். தத்துவவாதி ஆன்றி லெஃபெவ்ர் 1901இல் பிறந்தது தென்மேற்கில், லாந்த் மாவட்டத்தின் ஹஜெத்மோவில். படத்தைப் பார்த்து நோர் மாவட்டத்துக்கு ஓடியிருந்தால் இருவரையும் கோட்டை விட்டிருப்போம்.

இப்போது எழுத்துக்கூட்டு. முன்பு இலத்தீன் எழுத்தில் யுவும் வியும் ஒரே எழுத்தாக இருந்தன. ஃபெவ்ர் என்று எழுதினால் நடுவில் இருப்பது உயிரா மெய்யா என்று குழப்பம். லத்தீன் படித்த எழுத்தர்கள் ஃபாபரை நினைவில் வைத்து, இடைக்காலத்தின் கடைசியில் ஒரு 'பி'யை நடுவில் செருகினார்கள். வாய் அதை ஏற்கவில்லை, காகிதம் ஏற்றுக்கொண்டது. பிறகு சிலர் அந்தப் பழைய எழுத்தைப் பார்த்தபடியே வாசித்ததில் லெஃபெபூர் என்று இன்னொரு பெயரே பிறந்துவிட்டது. லத்தீனில் எழுதும்போது வெறும் ஃபாபர். எதாப்ல் ஊரில் பிறந்து 1523இல் புதிய ஏற்பாட்டைப் பிரெஞ்சில் கொண்டுவந்த ழாக் லெஃபெவ்ர், அறிஞர் உலகில் யாக்கோபுஸ் ஃபாபர். சவோய்க்காரர் பியேர் ஃபாவ்ரும் ஃபாபர் என்றே அறியப்பட்டார். முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த நம் சவேரியாரோடு பாரிசில் ஒரே அறையில் தங்கிப் படித்த அவர், 2013இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய பெயரும் கொல்லன்தான்.

ஆகவே ஒரு நோட்டில் இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள், 'பி' உள்ளது, இல்லாதது, 'லெ' தனியாக நிற்பது, ஒட்டியது. "எங்கள் குடும்பம் 'பி' போட்ட லெஃபெவ்ர், அவர்கள் வேறு" என்று பெருமையாகச் சொல்வார்கள். 1750இல் அண்ணனுக்கு 'பி' போட்டும் தம்பிக்குப் போடாமலும் ஒரே பாதிரியார் எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டு உறைந்தது மிகவும் தாமதமாக, குறிப்பாக 1877இல் குடும்பப் புத்தகம் வந்த பிறகு. கண்ணால் தேடாமல் காதால் தேடுங்கள்.

அடுத்தது பெரிய வேலை, பதிவேடுகள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆவணக்காப்பகம் உண்டு, 'ஆர்ஷிவ் தெபார்த்மான்தால்' என்பார்கள். பெரும்பாலும் எல்லா மாவட்டங்களும் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. உள்ளே போனால் இரண்டு கதவு. 1792க்குப் பிறகு என்றால் 'எத்தா சிவில்' என்ற குடிமைப் பதிவு, அதற்கு முன்பு என்றால் கோயில் ஏடுகள், 'ரெஜிஸ்த்ர் பருவாசியோ'. 1792 செப்டம்பர் 20 அன்று பதிவு வேலையைக் கோயிலிடமிருந்து எடுத்து மேரியிடம் கொடுத்தார்கள், அதுதான் அந்தக் கோடு.

எத்தா சிவிலில் 'தாப்ல் தெசெனால்' என்ற பத்தாண்டு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். 1803–1812, 1813–1822 என்று மூன்றில் ஆரம்பித்து இரண்டில் முடியும், பெயர் வரிசையில் இருக்கும். லெஃபெவ்ரை 'எல்' வரிசையிலும் 'எஃப்' வரிசையிலும் பாருங்கள். நாள் கிடைத்ததும் அந்த ஆண்டு ஏட்டுக்குப் போங்கள். பிறப்பைவிடத் திருமணப் பதிவைத் தேடுவது லாபம், மணமக்கள் பிறந்த நாள், பிறந்த ஊர், இரண்டு பக்கத்துப் பெற்றோர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். பெற்றோரின் பெயரைப் பிடித்தீர்களா, அவர்கள் திருமணத்தைத் தேடுங்கள். இப்படித் திருமணத்திலிருந்து திருமணத்துக்குத் தாவித்தான் 1792 வரை போக வேண்டும், நடுவில் ஒரு படியைக்கூட ஊகத்தால் நிரப்பக் கூடாது.

1793 முதல் 1805 வரையிலான பதிவுகளைத் திறந்ததும் பலர் திகைப்பார்கள், அங்கே புரட்சி நாள்காட்டி ஓடுகிறது, 1806 ஜனவரி 1இல்தான் பழைய நாள்காட்டி திரும்பியது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, பயப்பட வேண்டாம். ஆனால் எந்தக் கருவியும் காப்பாற்றாத ஒரு பொறி பழைய கையெழுத்தில் உண்டு. மாதப் பெயரைச் சுருக்கி ஏழு என்ற எண்ணோடு 'பிஆர்இ' என்று எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். எட்டு என்றால் அக்டோபர், ஒன்பது நவம்பர், எக்ஸ் போட்டால் டிசம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, அந்தக் கணக்கு. இது தெரியாமல் பிள்ளையைத் திருமணத்துக்கு முன்பே பிறக்கவைத்த வம்சாவளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோயில் ஏடுகள் எவ்வளவு தூரம் போகும்? 1539இல் முதலாம் ஃப்ரான்சுவா, வில்லேர்-கோத்ரே ஆணையில் ஞானஸ்நானங்களை எழுதிவைக்கச் சொன்னார், 1579இல் ப்ளுவா ஆணை திருமணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது, 1667இல் இரண்டு படி வைக்க வேண்டும் என்று வந்தது. காகிதத்தில் இருப்பது இது. நடைமுறையில் பெரும்பாலான ஊர்களில் 1600களின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஏடு நின்றுவிடும். ஒரு படி அழிந்திருந்தால் இன்னொன்று, நீதிமன்றத்தில் கொடுத்த படி, இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் அழிந்த இடங்களும் உண்டு. பாரிசில் 1860க்கு முந்தைய பதிவுகளின் இரண்டு தொகுதிகளும் 1871 மே மாதம், பாரிஸ் கொம்யூன் என்ற மக்கள் கிளர்ச்சியின் கடைசி நாள்களில் எரிந்தன, ஒரு பகுதியைத்தான் பிறகு திரும்ப எழுத முடிந்தது. குடும்பப் புத்தகம் பிறந்ததே அந்த இழப்புக்குப் பிறகு, வீட்டிலும் ஒரு படி இருக்கட்டும் என்றுதான். மான்ஷ் மாவட்டத்தின் ஆவணக்காப்பகம் 1944 ஜூன் 6 குண்டுவீச்சில் சேன்-லோ நகரோடு சேர்ந்து போனது.

பதிவின் அடியில் இருக்கும் கையெழுத்தை விடாமல் பாருங்கள். பாதிரியார் எப்படி எழுதினாலும், தகப்பன் தன் பெயரைத் தானே எப்படி எழுதினான் என்பது அங்கேதான் தெரியும். எழுதத் தெரியாதவர் என்றால் அதையும் சொல்லியிருப்பார்கள், சில சமயம் ஒரு சிலுவைக் குறி மட்டும் இருக்கும். 1700களில் ஒரு லெஃபெவ்ர் கை நடுங்கப் போட்ட கையெழுத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு சற்று நின்றுவிடும்.

ஏடு நின்ற இடத்தில் நோத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரி, உதவுவார். திருமண ஒப்பந்தம், நிலம் கைமாறியது, இறந்தவர் சொத்துப் பட்டியல் எல்லாம் நோத்தேர் எழுதியவை, 75 ஆண்டு கடந்தவை ஆவணக்காப்பகத்துக்கு வந்துசேர வேண்டும். சொத்துப் பட்டியலில் துருத்தி, அடைகல், சம்மட்டி என்று வரிசையாக வந்தால், உங்கள் லெஃபெவ்ர் பெயரில் மட்டுமின்றித் தொழிலிலும் கொல்லன் என்று அப்போது சொல்லலாம். பெரும்பாலும் அப்படி இருக்காது, அந்தக் காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டு தொழில் மாறிப்போயிருக்கும், உழவர், நெசவாளர் என்று வரும். பக்கத்துணைக்கு 1836 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த பெயர்வாரிக் குடிக்கணக்கும், 1867 முதலான ராணுவப் பதிவேடும் உண்டு, அதில் ஆளின் உயரமும் கண் நிறமும்கூட இருக்கும். முதல் உலகப் போரில் இறந்தவரானால் மெமுவார் தெஸ் ஓம் தளம். ஜெனியாநெத் போன்ற தளங்களில் பிறர் போட்ட வம்சாவளிகளைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூலப் படத்தைக் கண்ணால் பார்க்காத எதையும் உங்கள் மரத்தில் ஏற்றாதீர்கள்.

பெயர் கடல் தாண்டியிருந்தால் தேடும் வடிவங்களின் பட்டியலும் நீளும். நியூயார்க் மாநிலத்தின் நியூ பால்ட்ஸ் ஊரை 1678இல் நிறுவிய புராட்டஸ்டண்டுப் பிரெஞ்சுக் குடும்பங்களில் ஒன்று லெஃபெவ்ர். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு இறங்கியவர்கள் லஃபேவ், லஃபீவர் ஆனார்கள். 'லா ஃபெவ்' என்று காதில் விழுந்தால் பிரெஞ்சில் அவரைக்கொட்டை, அதை அப்படியே மொழிபெயர்த்து பீன் என்று பெயரை மாற்றிக்கொண்ட லெஃபெவ்ர்களும் உண்டு.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பெயர் பிரெஞ்சு என்பதாலேயே பிரான்சில் ஊர் தேடப் போக வேண்டாம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சொந்தச் சட்ட வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்த தமிழர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி பிள்ளை எடுத்துக்கொண்ட லாப்போர்த், அதாவது கதவு, அப்படி வந்ததுதான். அந்தப் பெயரின் வேர் அங்கே அந்த நாளில் தொடங்குகிறது, அதற்கு முன்னால் தமிழ்ப் பெயர்தான். பழைய பிரெஞ்சிந்தியப் பதிவுகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, அதன் தளத்தில் நூறு ஆண்டு கடந்தவற்றைப் படமாகவே பார்க்கலாம். பிந்தையவற்றுக்கு நாந்த் நகரில் உள்ள மத்தியப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். எழுதும்போது தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்க முடியுமோ அத்தனையையும் குறிப்பிடுங்கள்.